வாசகர் கேள்வி – பதில்: நாற்பத்தொன்பதாம் நம்பர் ரோடு

மதுரை – ராமேசுவரம் சாலையை எங்கள் அப்பா இன்னும் ‘நாற்பத்தொன்பது’ என்றுதான் சொல்கிறார். பலகையில் 87 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே சாலைதானா?
– ஒரு வாசகி, பரமக்குடி

உங்கள் ஊர் வழியாகப் போகிற சாலைதான் அம்மா. அந்தத் தடத்தில் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எனக்கும் வாயில் முதலில் வருவது 49தான்.

பழைய 49 கொச்சியில் கிளம்பி மூணாறு, போடி, தேனி, உசிலம்பட்டி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை ஒரே எண்ணாக இருந்தது. 2010இல் நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றினார்கள். கிழக்கு மேற்காக ஓடுகிற சாலைக்கு ஒற்றைப்படை, வடக்கு தெற்காக ஓடுவதற்கு இரட்டைப்படை. ஒற்றைப்படை எண்கள் வடக்கிலிருந்து தெற்கே வர வர ஏறும். சிதம்பரம் போவது 81, நாகப்பட்டினம் போவது 83, அதற்கும் தெற்கே நம்முடையது 87. கொச்சியிலிருந்து மதுரைக்கு வரும் துண்டு 85 ஆகி, சிவகங்கை வழியாகத் தொண்டிக்குத் திரும்பிவிட்டது. எண்ணைப் பார்த்தே சாலை எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் என்பதால் எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

பாம்பனில் சாலைப் பாலம் வருவதற்கு முன் பஸ்ஸில் போனவர்கள் எப்படி ராமேசுவரம் சேர்ந்தார்கள்?
– ஒரு வாசகர், மானாமதுரை

மண்டபத்தில் இறங்கி ரயில் ஏறினார்கள். ஏழெட்டு வயதில் அப்பத்தாவோடு தை அமாவாசைக்கு அப்படித்தான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, கட்டுச்சோற்று மூட்டையோடு ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்து போனபோது அப்பத்தா கடலைப் பார்த்துக் கும்பிட்டபடியே வந்தாள். சாலை மண்டபத்தில் அறுந்து, கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பனில் மறுபடி ஆரம்பித்தது.

அந்த ரயில் பாலமும் 1914இல் வந்ததுதான். அதற்கு முன் படகு. மண்டபத்தை ஒட்டித் தோணித்துறை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. தீவுக்குள் போனால் அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் என்று வழி நெடுக மடமும் சத்திரமும்தான் ஊர்ப் பெயர்கள். நடந்து வந்த யாத்திரிகர்கள் தங்கிப் போன வழி இது. ராமநாதபுரம் மன்னர்களுக்குச் சேதுபதி என்ற பட்டமே இந்தச் சேதுவைக் காத்ததற்காக வந்தது.

சாலைப் பாலத்தை 1974இல் ஆரம்பித்து 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறந்தார்கள். பதினான்கு வருஷ வேலை, இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். முதல் தடவை பஸ்ஸை அதில் ஏற்றியபோது காற்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. நடுப்பாலம் தாண்டியதும் பின் சீட்டில் ஒரு கிழவி குலவையிட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை, ரயிலில் வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள். அப்பத்தாவும் நானும் போனதற்கு அப்படியே தலைகீழ்!

87 உண்மையில் எங்கேதான் முடிகிறது?
– அதே வாசகர்

காகிதத்தில் தனுஷ்கோடி என்று எழுதியிருந்தாலும், தார்ச்சாலை வெகுகாலம் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, சத்திரத்திலிருந்து கிழக்கே மணல்தான். ஜீப்பும் வேனும் மணலில் குலுங்கிக்கொண்டு போகும். 2017 ஜூலை 27இல்தான் மிச்சம் ஒன்பதரை கிலோமீட்டரும் சாலையாகி, அரிச்சல்முனை வரை திறந்தது. இப்போது அங்கே ஒரு வட்டமும் நடுவில் சிங்கத் தூணும் இருக்கின்றன. வண்டி அதைச் சுற்றித் திரும்ப வேண்டும், அதற்கு மேல் கடல். இருட்டுவதற்கு முன் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.