பைக் பிடிக்க ஆசைப்படும் தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்தின் கில்ஃபோர்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, வே ஆற்றங்கரையில் நடக்கும்போது ஒருவர் முதலை வாய் மாதிரி வாய் வைத்த ஒரு மீனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டார், அது என்ன மீன், நானும் பிடிக்கலாமா, வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது பைக் (pike) என்கிற ஆற்று மீன். ஊருக்குப் போன் போட்டு "சனிக்கிழமை பைக் பிடிக்கப் போனேன்" என்றால் என் மாமா "எந்தக் கம்பெனி வண்டி?" என்பார். 19 வருடமாக அதே ஜோக்.

நான் காட்டுமன்னார்கோயில் பக்கம். வீராணத்து வாய்க்கால்களில் தவளை கோத்து விரால் பிடித்து வளர்ந்தவன். நீங்களும் விரால் பிடித்ததாக எழுதியிருப்பதால் உங்களுக்குப் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். விரால் மாதிரியே பைக்கும் ஊரெல்லாம் அலைந்து இரை தேடாது, ஒளிந்திருந்து பாயும். ஆனால் மீதிப் பாதியில் விரால் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கும், என்னைக் கெடுத்த மாதிரி.

முதலில் சட்டம். 13 வயது நிறைந்த யாருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும், அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் போடலாம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் பைக் மாதிரி மீன்களுக்குத் தூண்டில் போடவே கூடாது. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது: உரிமம் இருந்தால் எந்தக் கரையிலும் உட்காரலாம் என்று நினைத்துவிடுகிறோம். நம்மூர் வாய்க்காலில் யார் கேட்டார்கள்? இங்கே சின்ன ஆறுகளின் கரைக்கு உரிமைக்காரர் இருப்பார், மீன்பிடி உரிமை பெரும்பாலும் ஏதாவது ஒரு சங்கத்திடம் இருக்கும், அவர்களிடம் நாள் சீட்டோ வருடச் சந்தாவோ தனியாக வாங்க வேண்டும். நான் முதல் வருடம் உரிமத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு புல்வெளி ஓரமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். சங்கத்துக் கண்காணிப்பாளர் வந்து, ரொம்ப மரியாதையாகத்தான், எழுப்பி அனுப்பிவிட்டார். நாலு பேர் பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது இன்னும் மறக்கவில்லை.

சரி, விரால் பழக்கத்துக்கு வருகிறேன். விரால் தவளையைக் கவ்வினால் என்ன செய்வோம்? தூண்டில் நரம்பைத் தளர்த்திவிட்டு, விழுங்கட்டும் என்று காத்திருப்போம். என் முதல் பைக்குக்கும் அதையேதான் செய்தேன். தக்கை முங்கியது, பக்கவாட்டில் நகர்ந்தது, நான் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தேன். கரைக்கு வந்தபோது முள் தொண்டைக்குள் எங்கோ போயிருந்தது. என்னிடம் இருந்தது ஒரு சின்ன இடுக்கி. அந்த வாய்க்குள் கையைவிட பயம் வேறு, பல்லெல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், ஒருமுறை கிழித்தால் ரத்தம் லேசில் நிற்காது. நான் தடுமாறி முடிப்பதற்குள் மீன் செத்துவிட்டது. இவ்வளவு பயங்கரமாகப் பல்லைக் காட்டுகிற மீன் கரையில் இத்தனை பலவீனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விரால் ஈரச்சாக்கில் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும், இது அப்படி இல்லை.

அதனால் தூண்டில் கழி வாங்கும் முன் இதையெல்லாம் வாங்குங்கள்: 12 அங்குல நீள ஃபோர்செப்ஸ் (முள்ளை எடுக்கும் நீண்ட இடுக்கி), மீனைக் கிடத்த ஈரமாக்கிய மெத்தைப் பாய், அகலமான கைவலை, கம்பி வெட்டும் கட்டர். நரம்பின் முனையில், முள்ளுக்கு முன்னால், கம்பி ட்ரேஸ் என்கிற சின்னக் கம்பித் துண்டு கட்டாயம், இல்லையென்றால் பல்லில் பட்டு அறுந்து, முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். தக்கை அசைந்ததும் தொய்வைச் சுற்றி எடுத்து உடனே இழுங்கள். நாலு கடியில் இரண்டு தவறினாலும் தவறட்டும். முடிந்தால் முதல் இரண்டு தடவை பழகிய ஒருவரோடு போய், அவர் செவுள் மூடியின் ஓரமாக விரலை நுழைத்துத் தாடையைப் பிடித்து வாயைத் திறப்பதைப் பாருங்கள். எழுதிப் புரியவைக்க முடியாத வேலை அது.

இரைக்கு நான் தமிழ்க்கடையில் உறைந்த மத்தி வாங்குகிறேன். குழம்புக்கு எது, தூண்டிலுக்கு எது என்று ஃப்ரீசரில் பெயர் எழுதி ஒட்டாததால் வீட்டில் ஒருநாள் பெரிய சண்டை.

சின்ன ஆற்றில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் வேலைக்காகாது. டில்ஃபோர்டுக்கும் கோடல்மிங்குக்கும் நடுவே வே ஆற்றின் அகலம் கல்லெறி தூரம்கூட இருக்காது. ஒரு கழி, ஒரு பை, நடை. சாய்ந்த மரத்தடி, வளைவின் உள்பக்கம், மதகுக்குக் கீழே, ஓடை வந்து சேரும் வாய், இப்படி ஓட்டம் தளர்ந்து நிற்கிற இடங்களில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். மழை விட்டு, டீ நிறத்தில் ஓடிய தண்ணீர் தெளியத் தொடங்குகிற இரண்டு மூன்று நாள்தான் எனக்குப் பிடித்த நேரம். கோடையில் போகாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறைவு, விட்ட மீன் பிழைக்காது. பல சங்கங்கள் அக்டோபருக்கு முன் பைக்குக்கு அனுமதியே தருவதில்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கையில் காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், ஆற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் இங்கேயும் வரும்.

குழம்பு விஷயம். ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 65 சென்டிமீட்டருக்குள் ஒரே ஒரு பைக் எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் உரிமைக்காரரின் அனுமதி வேண்டும், இல்லாமல் எடுத்தால் குற்றம். பெரும்பாலான சங்கங்கள் தருவதில்லை. ஒருமுறை அனுமதியோடு எடுத்துச் சமைத்தேன், கெண்டை மாதிரி சதைக்குள் கவட்டை முள், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். குழம்புக்கு வஞ்சிரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். வருவதாக இருந்தால் சொல்லுங்கள், பாயும் ஃபோர்செப்ஸும் என்னிடம் கூடுதலாக ஒரு செட் இருக்கிறது. ரப்பர் பூட்ஸ் மட்டும் நீங்கள் வாங்கிவிடுங்கள், கரையெல்லாம் சேறு.