ஓய்வுக்காலப் பயணம்: எவ்வளவு எடுத்து வைப்பது, எதிலிருந்து எடுப்பது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. கணவருக்கு 64, அவருக்கு ஓய்வூதியம் இல்லை. என் ஓய்வூதியம் மாதம் 46,000 ரூபாய். வீட்டுச் செலவு அதற்குள் அடங்கிவிடுகிறது. பணிக்கொடை, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தொகுத்து மொத்தமாகப் பெற்ற தொகை எல்லாம் சேர்த்துக் கையில் 35 லட்சம் இருக்கிறது. வருடத்தில் ஒரு நீண்ட பயணம், இரண்டு சின்னப் பயணம் போக ஆசை. முதலில் காசி. எவ்வளவு ஒதுக்கலாம்?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: முதலைத் தொடாமல் நீங்கள் நன்றாகவே சுற்றிவரலாம். 35 லட்சத்தில் 6 லட்சத்தை மருத்துவத்துக்கும் 4 லட்சத்தை வீட்டுப் பராமரிப்புக்கும் வங்கியில் தனித்தனி வைப்பாகப் போட்டுவிடுங்கள். மீதி 25 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம், காலம் 5 ஆண்டு. 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250 ரூபாய் வரும்; வருடத்துக்கு 2,05,000.

இந்த நான்கு தவணையில் மூன்றை மட்டும் பயணத்துக்கு எடுங்கள்: 1,53,750. நான்காவது தவணையைத் தொடாதீர்கள். போட்ட நாளில் இருந்த வட்டிதான் ஐந்து ஆண்டும் வரும்; அறை வாடகையும் கார் வாடகையும் அப்படி நிற்காது. ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறினால் இன்றைய ஒன்றரை லட்ச ரூபாய்ப் பயணம் ஐந்தாவது ஆண்டில் ஏறக்குறைய 1,97,000 கேட்கும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் நான்காவது தவணை.

இனி காசி. பலர் டிக்கெட் விலையைப் பார்த்து, அதை இரண்டால் பெருக்கி, அவ்வளவுதான் செலவு என்று கிளம்பிவிடுகிறார்கள். வழியில் கை கடிப்பது இதனால்தான். இரண்டு பேருக்கு இன்றைய நிலவரத்தில் திட்டத்தொகை இப்படி வரும்: இரண்டடுக்கு ஏசியில் போகவர 14,000. அறை 8 இரவு, நாளுக்கு 2,200 வீதம், 5 சதவீத ஜிஎஸ்டியோடு 18,500. சாப்பாடு 12 நாளுக்கு 14,400. பிரயாகைக்கு ஒரு நாள், கயைக்கு இரண்டு நாள் கார் 20,000. படகு, ஆட்டோ, இ-ரிக்‌ஷா 5,000. தீர்த்தச் சிராத்தம், பிண்டம், தட்சிணை 15,000. மருந்து, சில்லறை 2,000. மொத்தம் 88,900. இதற்கு மேல் கைக்காவலாக 11,000 வைத்தால் ஒரு லட்சம். டிக்கெட் இதில் ஏழில் ஒரு பங்குதான், பாருங்கள். பட்டுப்புடவை இந்தக் கணக்கில் இல்லை. வாங்குவதென்றால் அதற்குத் தனி உறை.

அறைக்கு 8 இரவு போட்டதற்குக் காரணம் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து போகும் காசி தமிழ்ச் சங்கமம் ரயில் வாரத்துக்கு ஒருமுறைதான். போகவர அதையே பிடித்தால் திரும்பும் நாளை ரயில்தான் முடிவு செய்யும். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் போன்ற இடத்தில் முன்கூட்டியே கேட்டு அறை கிடைத்தால் இந்தத் தொகை நன்றாகக் குறையும். சிராத்தத்துக்கு என்னென்ன செய்வார்கள், மொத்தம் எவ்வளவு என்பதைப் படித்துறையில் உட்காரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். உட்கார்ந்த பிறகு, பெற்றோர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாராலும் பேரம் பேச முடியாது.

மாதமும் முக்கியம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கையில் வெள்ளம் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஒரு ரயில் பிந்தினால் அடுத்த வண்டி, அறை, கார் எல்லாவற்றுக்கும் இரண்டாம் முறை பணம் போகும். கார்த்திகைப் பௌர்ணமி, மகா சிவராத்திரி நாட்களில் அறை வாடகை பல மடங்காகும். இவற்றை விட்டால் அக்டோபர்–நவம்பர், பிப்ரவரி–மார்ச்.

இன்னும் இரண்டு விஷயம். வட்டி வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் அஞ்சலகத்தில் வரி பிடிப்பார்கள். உங்கள் மொத்த வருமானத்துக்குப் புதிய வரிமுறையில் வரி வராது. ஆகவே 15எச் என்று நாம் பழகிய உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொடுத்துவிடுங்கள். பயணத்துக்காக வைப்பை இடையில் உடைக்க வேண்டாம்: ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது, இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதமும் அதற்குப் பிறகு 1 சதவீதமும் பிடிப்பார்கள்.

இடங்களை முழங்காலைக் கேட்டு வரிசைப்படுத்துங்கள். படி, மலை, நீண்ட நடை உள்ளதெல்லாம் 70க்குள். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாய மானசரோவர் யாத்திரைக்கு 70 வயதுதான் எல்லை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடும் (பிஎம்ஐ) 25க்குள் இருக்க வேண்டும். மைசூரும் திருவனந்தபுரமும் 75 வயதிலும் காத்திருக்கும். அதனால் முதல் பத்தாண்டுகளில் கூடச் செலவழிப்பதில் தவறே இல்லை.

கேள்வி: நாங்கள் சகோதரிகள் நான்கு பேர், எல்லோரும் 60ஐத் தாண்டியவர்கள். ஒரே டிக்கெட்டாகப் போட்டோம். நான்கு பேருக்கும் மேல், நடுப் படுக்கைதான் வந்தது. மூத்தவர்களுக்குக் கீழ்ப்படுக்கை கிடையாதா?
– விருதுநகர் வாசகி

பதில்: உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான். 60 வயதான ஆணும் 45 வயதான பெண்ணும் தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால் மட்டுமே மூத்த குடிமக்கள் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் பெயர் போகும். மூன்றாவது பெயரைச் சேர்த்த நொடியே பொதுவில் விழுந்துவிடும். அடுத்த முறை இரண்டு இரண்டாகப் பிரித்து, பொது ஒதுக்கீட்டுக்குப் பதில் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்பு பதிவு திறக்கும். 120 நாள் இருந்தது 2024 நவம்பரோடு போயிற்று. கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பட்ஜெட்டில் முழுக் கட்டணத்தையே எழுதுங்கள்.

கேள்வி: வயது 53. ஆலையில் விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன். பரஸ்பர நிதியிலும் வங்கியிலும் சேர்த்து 1 கோடியே 20 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 25,000. சொந்த வீடு, கடன் இல்லை. உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஊர் சுற்ற வருடம் 3 லட்சம் எடுக்கலாமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம். வீட்டுக்கு 3 லட்சம், பயணத்துக்கு 3 லட்சம், ஆக 6 லட்சம். பணம் ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்கிறது, விலை 7 சதவீதம் ஏறுகிறது, நீங்களும் அதற்கேற்ப ஏற்றி எடுக்கிறீர்கள் என்று போட்டால், உங்களுக்கு 78 வயதாகும்போது கணக்கு காலி. அப்போது சம்பாதிக்கவும் முடியாது.

பயணத்துக்கு 1,20,000 என்று வைத்தால் அதே கணக்கு 90 வயதைத் தாண்டி நிற்கிறது. ஆனால் சந்தை வருடா வருடம் ஒரே சீராக 9 சதவீதம் தராது. ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் பெரிய சரிவு வந்து, அந்த நேரத்தில் யூனிட்டுகளை விற்றுப் பயணம் போனால், பிறகு சந்தை ஏறும்போது ஏறுவதற்கு உங்களிடம் யூனிட் இருக்காது. ஆகவே இரண்டாண்டுப் பயணச் செலவை, அதாவது 2,40,000 ரூபாயை, எப்போதும் வங்கி வைப்பில் வைத்திருங்கள். நிதியின் மதிப்பு 15 சதவீதத்துக்கு மேல் இறங்கிய ஆண்டில் பயணத்தை 60,000க்குச் சுருக்குங்கள். யூனிட்டை விற்காமல் வைப்பிலிருந்து எடுங்கள். வீட்டுச் செலவைச் சுருக்க முடியாது, பயணத்தைச் சுருக்கலாம்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 60க்கு முன் சேர, 55 வயது ஆகியிருக்க வேண்டும்; ஓய்வுப்பலன் வந்த 3 மாதத்துக்குள் போட வேண்டும். நீங்கள் அதில் வரமாட்டீர்கள். தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியமும் முழுதாக வேண்டுமென்றால் 58 வரை பொறுக்க வேண்டும். முன்பே வாங்கினால் ஆண்டுக்கு 4 சதவீதம் குறையும், ஆயுள் முழுக்க. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் முடிந்திருக்கும். முதல் பயணத்துக்கு முன்பே உங்களுக்கும் குடும்பத்துக்கும் சொந்த மருத்துவக் காப்பீடு எடுங்கள்.

உங்கள் கையில் ஏராளமாக இருப்பது நாட்கள். அதைப் பயன்படுத்துங்கள். 12 நாளில் ஐந்து ஊர் என்று ஓடினால் தினமும் கார், தினமும் ஓட்டல் சாப்பாடு. அதற்குப் பதில் மைசூரில் சமையலறையோடு ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, ஸ்ரீரங்கப்பட்டணம், சோமநாதபுரம், பேளூர், ஹளேபீடு என்று வாரத்துக்கு ஒன்றாகப் பாருங்கள். செலவு ஏறக்குறைய அதேதான். நாட்கள் இரண்டு மடங்குக்கு மேல். தசரா மாதத்தைத் தவிருங்கள். ஓய்வாக இரண்டு நாள் கணக்கெழுதும் வேலை, பயிற்சி வகுப்பு என்று ஏதாவது கிடைத்தால் அந்த வருமானம் முழுவதையும் பயணத்துக்கே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே சொன்ன வரம்பு கிடையாது.

கேள்வி: எனக்கு 66, மனைவிக்கு 63. எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஐரோப்பா 8 நாள், தலைக்கு 2,40,000 என்று ஒரு சுற்றுலா நிறுவனம் விளம்பரம் செய்கிறது. ஐந்து லட்சம் போதுமா?
– மதுரை வாசகர்

பதில்: ஆறு லட்சம் இல்லாமல் முன்பணம் கட்டாதீர்கள். விளம்பரத் தொகையில் எது இல்லை என்பதை எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி, விசா கட்டணம் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, விசா மறுத்தாலும் திரும்பாது), மதிய உணவு, ஓட்டுநர்–வழிகாட்டி அன்பளிப்பு, நகர வரி, ‘விருப்பச் சுற்றுலா’ என்ற பெயரில் வரும் மலை ரயில் ஆகியவை வழக்கமாக வெளியே நிற்கும். கைரேகை கொடுக்கச் சென்னை போய்வரும் செலவையும் பலர் மறக்கிறார்கள்.

டிசிஎஸ் என்று, சுற்றுலாப் பணம் வாங்கும்போதே வருமானவரிக்காக ஒரு தொகை பிடிப்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது; பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாற்றுகிறார்கள், கட்டும் நாளில் கேளுங்கள். இது தொலைந்த பணம் அல்ல. வருமானவரித் துறையில் உங்கள் பெயரில் உள்ள வரிக்கணக்கில் (26ஏஎஸ் என்று நாம் பழகிய படிவம்) ஏறும். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். வரி வராதே என்று தாக்கல் செய்யாமல் விடுபவர்கள்தான் இழக்கிறார்கள்.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சொல்லியே எடுங்கள். பிரீமியம் ஏறும் என்று மறைத்தால், அங்கே நெஞ்சுவலி என்று சேரும்போது பழைய மாத்திரைச் சீட்டைப் பார்த்துக் கோரிக்கையை நிராகரிப்பார்கள். சொல்லி எடுத்தாலும், முன்பே இருந்த நோய்க்கு எந்த அளவு பொறுப்பு ஏற்கிறார்கள் என்ற வரியைப் படியுங்கள்; உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் என்று போட்டிருப்பது வழக்கம்.

அங்கே கடையில் அட்டையைத் தேய்க்கும்போது திரையில் ரூபாயா யூரோவா என்று கேட்கும். யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அந்தக் கடைக்காரரின் மாற்றுவிகிதம் உங்கள் தலையில் ஏறும். சாதாரண கிரெடிட் கார்டில் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. யூரோ ஏற்றிய பயண அட்டை மேல். விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசா வரும் வரை முழுப்பணம் கட்டாத ஏற்பாடாகப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: மகன் வீட்டுக்கு ஐந்து மாதம் அமெரிக்கா போகிறோம். ஓய்வூதியம் நின்றுவிடுமா?
– சேலம் வாசகர்

பதில்: உயிர்ச்சான்று தேதி நடுவில் வந்தால் நிற்கும். மாநில அரசு ஓய்வூதியர் என்றால் நீங்கள் ஓய்வுபெற்ற மாதத்தில் நேர்காணல். மத்திய அரசு என்றால் நவம்பர். தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியம் என்றால் கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு, இதை முன்கூட்டியே புதுப்பித்துவிட்டுக் கிளம்பலாம். கைபேசியில் முகம் காட்டிச் சான்று தரும் வசதியை இங்கிருக்கும்போதே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 68, தனியாக இருக்கிறேன். குடும்ப ஓய்வூதியம் 11,000. மிச்சம் பிடித்தால் மாதம் 1,000. இதில் எங்கே போவது?
– நாகர்கோவில் வாசகி

பதில்: 12,000 ரூபாயில் வருடம் இரண்டு முறை தாராளமாகப் போகலாம், அம்மா. வங்கியில் ஓராண்டுத் தொடர்வைப்பில் போடுங்கள். அஞ்சலகத் தொடர்வைப்பு ஐந்தாண்டு, உங்களுக்கு ஒத்துவராது.

தனியாகப் போனால் அறை வாடகை முழுவதும் உங்கள் தலையில். இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு அறை, ஒரு கார், எல்லாம் நான்காகப் பிரியும். கும்பகோணத்தில் இரண்டு இரவு தங்கி நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதும் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ரயில் 900, அறையில் உங்கள் பங்கு 1,500, சாப்பாடு 1,200, கோயில்களுக்குக் கார் பங்கு 1,500, கைக்காவல் 500, மொத்தம் 5,600. வார இறுதியில் போனால் அங்கிருந்து கிளம்பும் அரசு நவக்கிரகச் சிறப்புப் பேருந்தில் கார் பங்கும் குறையும். ஊருக்குள் சுற்றச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

அறநிலையத் துறை 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களைக் கட்டணமில்லாமல் அறுபடை வீடுகளுக்கு அழைத்துப்போகிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று உங்கள் ஊர்ப் பெரிய கோயில் அலுவலகத்தில் இந்த வாரமே கேட்டு வையுங்கள். ஆதார் நகல், மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் ஒரு உறையில் போட்டுத் தயாராக வைத்திருங்கள்.