தாவரப் பால் பாக்கெட்டின் பின்பக்கம்: விலக்கு உணவில் இருப்பவர்களுக்கான கேள்வி பதில்

உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உணவு எது என்று தெரியாதபோது, சந்தேகப்படும் உணவுகளைச் சில வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். இதுதான் விலக்கு உணவுமுறை. மாட்டுப்பாலை நிறுத்தியவர்களில் பலர் அடுத்ததாகப் பாதாம், சோயா, ஓட்ஸ் பால் பக்கம் போகிறார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் படித்ததும் குழம்பிவிடுகிறார்கள். குடல் நோய்ப் பிரிவில் வேலை செய்யும் உணவியல் நிபுணர் என்ற முறையில், அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் அவர்.

கோவை வாசகி: மேடம், எனக்கு ஐ.பி.எஸ். என்ற எரிச்சல் குடல் நோய். ஃபாட்மேப் குறைந்த உணவில் இது இரண்டாவது வாரம். வாங்கிய பாதாம் பாலில் 418, 412, 322, 170 என்று வரிசையாக எண்கள். தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம். இவை உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச எண்கள். 170 கால்சியம் கார்பனேட். பாலை நிறுத்திய உங்களுக்கு அது அவசியம் தேவை. 322 லெசித்தின், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைப்பது. 418 ஜெல்லன், பாக்டீரியாவை நொதிக்க வைத்து எடுக்கும் பசை; பாதாம் துகளும் கால்சியமும் அடியில் போய்ப் படியாமல் தாங்கிப் பிடிக்கும். 412 குவார் கம், நம் கொத்தவரங்காயின் விதையிலிருந்து வருவது. ராஜஸ்தானில் ஏக்கர் கணக்கில் இதற்காகவே பயிர் செய்கிறார்கள்.

ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் போய் நொதிக்கிற சிறு சர்க்கரைகளின் கூட்டம். மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய உணவுமுறை இது. நீங்கள் எழுதிய நான்கில் ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இல்லை. குவார் கம் அதிகமானால் சிலருக்கு வாயு வரும் என்பது உண்மை. ஆனால் பாக்கெட்டில் சேர்ப்பது மிகச் சிறிய அளவு.

நீங்கள் தேடித் தவிர்க்க வேண்டியது வேறு. இன்யூலின், சிக்கரி வேர் நார், ஃப்ரக்டோ ஆலிகோ சாக்கரைடு, தேன், அகாவே சிரப், ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாறு. “நார்ச்சத்து நிறைந்தது” என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தால் பின்பக்கம் இன்யூலின் இருக்க வாய்ப்பு அதிகம். இன்யூலினுக்கு எண் கிடையாது. அது சேர்க்கையாக இல்லாமல் உணவுப்பொருளாகவே கணக்கில் வருகிறது. எண்களை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதைத்தான் கோட்டை விடுகிறார்கள். எண் உள்ளவற்றில் கவனிக்க வேண்டியவை 420, 421, 953, 965, 967. இவை சார்பிட்டால் வகை இனிப்புகள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த உணவுமுறையில் மாட்டுப்பாலில் பிரச்சினை தருவது லாக்டோஸ் மட்டும்தான். லாக்டோஸ் நீக்கிய பால் கடையில் கிடைக்கிறது. புரத ஒவ்வாமை இல்லை என்றால் அதையே காபிக்கு ஊற்றலாம். பாதாம் பால் பலவற்றில் பாதாம் இரண்டு மூன்று சதவீதம்தான். புரதம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

மெல்போர்னிலிருந்து ஒருவர்: சோயா பாலில் எந்தச் சேர்க்கையும் இல்லாததைத் தேடி வாங்கினேன். சோயாவும் தண்ணீரும் மட்டும். ஆனாலும் வயிறு உப்புகிறது. ஏன்?

காரணம் அந்தச் சோயாவேதான். முழு சோயா பயறை அரைத்து எடுத்த பாலில் காலக்டோ ஆலிகோ சாக்கரைடு என்ற ஃபாட்மேப் சர்க்கரை அதிகம். மொச்சை, கொண்டைக்கடலை சாப்பிட்டால் வயிறு உப்புகிறதே, அதே சரக்கு. சோயா புரதத்தைத் தனியே பிரித்துச் செய்த பாலில் அது குறைவு, ஆனால் அதன் லேபிள் நீளமாக இருக்கும். உங்கள் ஊரில் இரண்டு வகையும் கிடைக்கும். பட்டியலின் தொடக்கத்தில் “முழு சோயா பயறு” என்றிருக்கிறதா, “சோயா புரதம்” என்றிருக்கிறதா என்று பாருங்கள். இந்த உணவுமுறைக்கு இரண்டாவதுதான் சரி.

லேபிள் சின்னதாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் நம்புகிறோம். பொதுவாக அது நல்ல பழக்கம்தான். விலக்கு உணவில் மட்டும் அது வழி தவற வைக்கும்.

கும்பகோணம்: பாலை மாற்றிவிட்டேன், சர்க்கரையையும் குறைத்துவிட்டேன். காலை ஃபில்டர் காபி குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமுகிறது. பாதாம் பாலில் இருக்கும் கம்தானே காரணம்?

காபித்தூள் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். காபி இவ்வளவு சதவீதம், சிக்கரி இவ்வளவு சதவீதம் என்று போட்டிருப்பார்கள். சிக்கரி என்பது நான் மேலே சொன்ன அதே வேர், இன்யூலின் மூட்டை. வறுக்கும்போது கொஞ்சம் சிதையும், முழுவதும் போய்விடாது. விலக்குக் காலம் முடியும்வரை சிக்கரி கலக்காத தூள் வாங்குங்கள். கடையில் “ப்யூர் காபி” என்று கேட்டால் அரைத்துத் தருவார்கள். அதன் பிறகும் பொருமினால் காபியையே சந்தேகப்படலாம், கம்மை அப்புறம் பார்ப்போம்.

பெருங்காய டப்பாவையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கருவேலம் பிசின் வகையும் (எண் 414) மாவும் கலந்திருக்கும். பிசினால் தொந்தரவில்லை. அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை, அதில் ஃபாட்மேப் உண்டு.

சேலம், கைக்குழந்தையின் அம்மா: குழந்தைக்கு மலத்தில் ரத்தம் வந்தது. பால் புரத ஒவ்வாமை என்று சொல்லி, தாய்ப்பால் கொடுக்கும் என்னைப் பால் பொருள்களை நிறுத்தச் சொன்னார் டாக்டர். பச்சைப் புள்ளி இருந்தால் வாங்கலாமா அக்கா?

கூடாதும்மா. பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கான அடையாளம். நம் நாட்டுச் சட்டப்படி பாலும் நெய்யும் சைவம்தான். பால் அறவே இல்லாத வீகன் உணவுக்கு ஆங்கில ‘வி’ எழுத்தோடு தனி முத்திரை உண்டு. அதைப் பாருங்கள், அதோடு நிறுத்தாமல் பட்டியலையும் வாசியுங்கள். கேசினேட், கேசின், வே (பால் திரிந்த தெளிநீர்), பால் திடப்பொருள் ஆகிய நான்கு சொற்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காபிக்குப் போடும் “நான் டெய்ரி” பொடிகளில்கூடச் சோடியம் கேசினேட் இருப்பதுண்டு, அது சாட்சாத் பால் புரதம். பட்டியலுக்குக் கீழே “பால் உள்ளது” என்று ஒவ்வாமை எச்சரிக்கை தனியாக இருக்கும், அது சட்டம். லாக்டோஸ் நீக்கிய பால் உங்களுக்குக் கூடாது, அதில் புரதம் அப்படியே இருக்கிறது.

உங்கள் உடம்பையும் பாருங்கள். பாலூட்டும் பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் கால்சியம் நாளுக்கு 1,200 மில்லிகிராம். கால்சியம் சேர்த்த பாக்கெட்டில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவில் இருக்கும். அது கொஞ்சம் அடியில் தங்கிவிடலாம், நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். மீதிக்கு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை எந்தத் தாவரப் பாலையும் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். அரிசிப் பாலை ஐந்து வயதுவரை கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டன் சுகாதாரத் துறை, ஆர்செனிக் காரணமாக.

டொரொண்டோ: உணவுக்குழாயில் இயோசினோஃபில் (ஒரு வகை வெள்ளையணு) அழற்சி. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் ஆறையும் நிறுத்தியிருக்கிறேன். சோயா லெசித்தின் சேர்த்த பாதாம் பால் குடிக்கலாமா?

லெசித்தினுக்கு முன்னால் பாதாமே உங்கள் பட்டியலில் விலக்கியதுதானே! லெசித்தினில் சோயா புரதம் மிகச் சொற்பம். ஆனால் எண்டாஸ்கோப்பி எடுத்து முடிவு செய்யும் சோதனையில் சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள். சூரியகாந்தி லெசித்தின் போட்ட ஓட்ஸ் பால் பாருங்கள். கோதுமை கலப்பில்லாத, குளூட்டன் இல்லாதது என்று எழுதிய ஓட்ஸாக இருக்க வேண்டும். தேங்காயை உங்கள் மருத்துவர் கொட்டையாகக் கணக்கிடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ராமநாதபுரம்: காராஜீனன் குடலைப் புண்ணாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் பக்கம் கடலில் வளர்க்கும் பாசிதான் அது என்கிறார்கள். உண்மையா?

பாசி விஷயம் உண்மை. பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலிருந்து, கெட்டிப்படுத்தச் சேர்க்கும் காராஜீனன் எடுக்கிறார்கள். எண் 407.

புண் பற்றிய பேச்சில் இரண்டு பொருள்கள் கலந்துவிட்டன. காராஜீனனை அமிலத்தில் சிதைத்துச் செய்யும் பாலிஜீனன் விலங்குகளின் குடலில் புண் உண்டாக்கியது. அதை உணவில் சேர்க்க அனுமதி இல்லை. உணவில் சேர்ப்பது சிதைக்காதது. ஆனாலும் பெருங்குடல் புண் நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு, விலக்குக் காலத்தில் 407 இல்லாத பாக்கெட்டாக எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஜெல்லன் போட்ட பாக்கெட் எளிதாகக் கிடைக்கிறபோது வீண் சந்தேகம் எதற்கு?

யாழ்ப்பாணம்: வீட்டிலேயே தேங்காய்ப் பால் பிழிந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

சேர்க்கை இல்லை, சரி. டின்னில் வருவதில் 466 என்ற கெட்டிப்படுத்தியும், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைக்கும் 435-உம், சிலவற்றில் 223, 224 என்ற சல்ஃபைட்டும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சல்ஃபைட் இழுப்பை வரவழைக்கலாம், அவர்களுக்கு வீட்டுப் பால்தான் நல்லது. ஆனால் தேங்காயில் சார்பிட்டால் கொஞ்சம் இயற்கையாகவே உண்டு. ஃபாட்மேப் குறைப்பவர்கள் ஒரு வேளைக்குக் கால் கப்போடு நிறுத்துங்கள். சொதியில் ஃபாட்மேப் நிறைந்த வெங்காயம் போட்டுவிட்டுத் தேங்காய்ப் பாலைக் குற்றம் சொல்லாதீர்கள்! வீட்டுப் பாலில் சேர்த்த கால்சியமும் பி12-உம் இருக்காது, அதை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும்.

சென்னை: சர்க்கரை சேர்க்காதது என்று போட்ட ஓட்ஸ் பால் இனிக்கிறதே?

நொதி விட்டு மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கிறார்கள். மால்டோஸ் ஃபாட்மேப் இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் அளவு பாருங்கள்.

மதுரை: ஒரு மாதமாக வாரத்துக்கு ஒரு பிராண்ட் மாற்றிப் பார்த்துவிட்டேன். எதனால் தொந்தரவு என்று இன்னும் பிடிபடவில்லை. கம்மா, பாதாமா, எப்படித்தான் கண்டுபிடிப்பது?

மாற்றிக்கொண்டே இருந்தால் பிடிபடாது. சந்தேகமான எதுவும் இல்லாத ஒரே பாலைப் பிடித்துக்கொண்டு, வயிறு அமைதியாகும்வரை அதிலேயே இருங்கள். ஃபாட்மேப் முறையில் விலக்குக் காலம் இரண்டிலிருந்து ஆறு வாரம்தான். அதற்குமேல் நீட்டினால் குடலின் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும், சத்தும் குறையும்.

வயிறு அடங்கியபின் சோதனை. மற்ற சாப்பாடு அப்படியே இருக்கட்டும். கம் இல்லாத பாதாம் பாலை முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர். பிறகு இரண்டு மூன்று நாள் பழைய பாலுக்கே திரும்புங்கள். அதில் தொந்தரவில்லை என்றால், அதே படிகளில் குவார் கம் சேர்த்த பாதாம் பாலைக் குடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் கம் ஒன்றுதான் என்று லேபிளை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பெனிகள் சொல்லாமல் செய்முறையை மாற்றுவதுண்டு, அதனால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தப் படங்களையும், குடித்த நேரமும் வயிற்றின் நிலையும் எழுதிய நோட்டையும் உங்கள் உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள்.