அரசியல் எதிரியின் மகனுக்கு அதிபர் மன்னிப்பு கொடுக்க முடியுமா?

கேள்வி: ஜோ பைடனின் மகன் ஹண்டருக்கு மன்னிப்பு அளிக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட மாட்டேன் என்று 2024 அக்டோபரில் டிரம்ப் சொன்னார். எதிராளியின் உறவினருக்கு அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா? கொடுத்தால் அது எதுவரை காப்பாற்றும்?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். மன்னிக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தரும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் 2-வது ஷரத்து உறவு, கட்சி எதையும் பார்க்கவில்லை. நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை, காரணமும் எழுத வேண்டியதில்லை. தண்டனை முடிந்து 5 ஆண்டு கழித்தே விண்ணப்பிக்க வேண்டும் என்பது நீதித்துறையின் நடைமுறை விதி. அது அதிபரைக் கட்டுப்படுத்தாது. வழக்கே தொடராத நிலையிலும் மன்னிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1867-லேயே சொல்லிவிட்டது. ஆனால் இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு கிடையாது.

டிரம்புக்கு அந்த வேலை மிச்சமாகவில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, அப்போது அதிபராக இருந்த தந்தையே ஹண்டரின் மன்னிப்பில் கையெழுத்திட்டுவிட்டார். எதிராளி கொடுத்திருந்தால் மகன் பாசம் என்ற பழி வந்திருக்காது, நாட்டுக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது அந்த மன்னிப்பின் வாசகம். ஹண்டர் மீது துப்பாக்கி வழக்கில் 3 குற்றங்கள், வரி வழக்கில் 9. அவற்றை மட்டும் எழுதியிருந்தால் நாளை வேறொரு வழக்கு பாயலாம். அதனால் '2014 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 1 வரை' என்று காலத்தை வரையறுத்து, அதற்குள் செய்த, செய்திருக்கக்கூடிய எல்லாக் குற்றத்துக்கும் என்று எழுதினார்கள். 1974-ல் பதவி விலகிய அதிபர் நிக்சனுக்கு, அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு கொடுத்ததும் இதே வடிவம்தான். அதைத் தொலைக்காட்சியில் வாசித்தபோது, நிக்சன் பதவியேற்ற நாளான ஜனவரி 20, 1969 என்பதை ஃபோர்டு ஜூலை என்று படித்துவிட்டார். எழுத்தில் அந்தப் பிழை இருந்திருந்தால், பதவியின் முதல் 6 மாதம் மன்னிப்புக்கு வெளியே நின்றிருக்கும்.

சறுக்கும் இடங்கள் வேறு சில உண்டு. மன்னிப்பு கூட்டாட்சிக் குற்றங்களுக்கு, அதாவது மத்திய அரசின் சட்டத்தை மீறியவற்றுக்கு மட்டுமே. மாநிலக் குற்றம் என்றால் அந்த மாநிலத்தின் கையில்தான் முடிவு. டிரம்பிடம் 2021-ல் மன்னிப்பு பெற்ற அவரது முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் மீது நியூயார்க் மாநிலம் மறு ஆண்டே வழக்குப் போட்டது. அடுத்தது, ஆவணம் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் கையெழுத்திட்ட ஒரு மன்னிப்பை, அது உரியவரிடம் சேருமுன், அடுத்து வந்த அதிபர் கிராண்ட் 1869-ல் திரும்பப் பெற்றார், நீதிமன்றமும் அதை ஏற்றது. கைக்கு வந்து ஏற்றுக்கொண்ட மன்னிப்பை அடுத்த அதிபர் பிடுங்க முடியாது.

ஏற்றுக்கொள்வதற்கும் விலை உண்டு. மன்னிக்கப்பட்ட குற்றம் பற்றிச் சாட்சிக்கூண்டில் கேட்டால், கூட்டாட்சி வழக்குக்குப் பயந்து வாய் திறக்க மறுக்கும் உரிமை போய்விடும். அதனால் கையெழுத்துக்கு முன்பே, எந்த மாநிலத்தில் என்ன வழக்கு வரக்கூடும் என்பதை வழக்கறிஞர் அலசிப் பார்த்துவிட வேண்டும்.