ஜி.டி.யில் அதிகம் பேசாதவர் திறமை குறைந்தவரா?

கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூவில் ஆப்டிட்யூட் டெஸ்ட்டைத் தாண்டிவிடுகிறேன். குரூப் டிஸ்கஷனில்தான் (ஜி.டி., குழு விவாதம்) மாட்டிக்கொள்கிறேன். யோசித்து வாய் திறப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. இரண்டு முறை இதிலேயே வெளியேறினேன். என்னைப் போன்றவர்களுக்கு இது நியாயமான தேர்வுதானா?
- இறுதியாண்டு மாணவி, ஈரோடு

பதில்: பல இடங்களில் நடத்தப்படும் விதத்தில், நியாயமில்லை. 12 பேர், 15 நிமிடம் என்றால் ஆளுக்கு 75 விநாடி. நான்கு பேர் ஆளுக்கு இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டால் மற்ற எட்டுப் பேருக்கும் சேர்த்தே 5 நிமிடம்தான் மிச்சம். ஒரே ஒருவர் பன்னிரண்டு பேருக்கு மார்க் போடும்போது, அவர் காதில் நிற்பது உரத்த குரல். அதிக நேரம் பேசுபவரையே தலைவராக நினைக்கும் போக்கு, குழு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது.

பேச்சு நழுவிப்போவது உங்கள் குறை அல்ல. 1987-இல் டீல், ஷ்ட்ரேபே என்ற இரு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள்: கூட்டாக உட்கார்ந்து யோசனை சொல்பவர்களைவிட, தனித்தனியாக யோசித்த அதே எண்ணிக்கை ஆட்கள் அதிக யோசனைகள் தந்தார்கள். முக்கியக் காரணம், தன் முறைக்காகக் காத்திருப்பது. எம்.பி.ஏ. நடத்தும் ஐ.ஐ.எம்.கள் பலவும் ஜி.டி.யை விட்டுவிட்டு எழுத்துத் தேர்வுக்கு மாறிவிட்டன.

ஆனாலும் அடுத்த மாதம் நீங்கள் ஜி.டி.யில் உட்கார்ந்தாக வேண்டியிருக்கலாம். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 விநாடி பேசினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு தந்ததும் தாளில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். செலவு, சட்டம், பாதிக்கப்படுபவர், உதாரணம் என்று நான்கு சொற்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறிப்பு. முதல் ஆளாக ஆரம்பிக்க அவசியமில்லை. விஷயமில்லாமல் ஆரம்பித்தால் அதுவே மார்க்கைக் குறைக்கும். முதல் நான்கு நிமிடத்துக்குள் ஒரு முறையாவது பேசிவிடுங்கள். தள்ளிப்போடப் போட உள்ளே நுழைவது கடினம்.

நுழையச் சரியான இடம், பேசுபவர் மூச்சு வாங்கும் நொடி. அப்போது சற்று முன்னால் சாய்ந்து, ஜி.டி.யில் அவருக்குக் கொடுத்திருக்கும் நம்பரைச் சொல்லித் தொடங்குங்கள்: “நம்பர் ஃபோர் சொன்ன செலவுக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று.” நம்பரைக் கேட்டதும் அவர் திரும்பிப் பார்ப்பார்; அந்த இடைவெளி உங்களுடையது. சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டால் குரலை உயர்த்திப் பயனில்லை. “இதுவரை இரண்டு கருத்துகள் வந்திருக்கின்றன” என்று பிரித்துச் சொல்லுங்கள். கவனமாகக் கேட்டவரால்தான் அதைச் சொல்ல முடியும். அதிகம் பேசாதவரின் பலம் அங்கேதான்.

தமிழ் வழியில் படித்தவர் பலர் பேசாமலிருப்பது கூச்சத்தால் அல்ல. மனதுக்குள் ஆங்கிலமாக்கி முடிப்பதற்குள் இடம் போய்விடுகிறது. “ஐ வுட் லைக் டு ஆட் எ பாயிண்ட்” போல இரண்டு தொடக்கங்களை வாய்க்குப் பழக்கிவையுங்கள்; அதைச் சொல்லும் நேரத்தில் அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் ஜி.டி.யை நிறுத்த முடியாது. நியாயமாக நடத்த என்ன செய்யலாம்?
- எச்.ஆர். அலுவலர், கோவை

பதில்: முதலில் அந்த வேலைக்கு ஜி.டி. தேவையா என்று பாருங்கள். விற்பனைப் பிரிவுக்குப் பொருந்தலாம். டெஸ்டிங் வேலைக்கு ஆள் எடுக்க எதற்கு?

வைத்தே தீரவேண்டும் என்றால் குழுவுக்கு 6 பேருக்கு மேல் வேண்டாம். தலைப்பைத் தந்து 5 நிமிடம் எழுத விடுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம், வரிசையாக, குறுக்கீடு இல்லாமல். அதற்குப் பின்தான் திறந்த விவாதம். கவனிப்பவர்கள் இருவர், ஆளுக்கு மூன்று பேர். ‘தன்னம்பிக்கை’ என்று ஒரு கட்டம் போட்டால் அதில் குரலுக்குத்தான் மார்க் விழும். ‘பிறர் சொன்னதை வளர்த்தெடுத்தார்’, ‘காரணம் காட்டினார்’ என்று கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களை எழுதுங்கள். இருவரும் தனித்தனியாக மார்க் போட்டு முடிக்கும்வரை பேசிக்கொள்ளக் கூடாது. அந்த மார்க்கை மட்டும் வைத்து யாரையும் வெளியே அனுப்பாமல், தனி நேர்காணல் மார்க்கோடு சேர்த்துப் பாருங்கள். அந்த நேர்காணலிலும் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில்.