பையைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: என் வயது 34, எடை 56 கிலோ. வரும் அக்டோபரில் தோழியுடன் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடந்து, தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத் போகத் திட்டம். பல நாள் நடை எனக்கு இதுவே முதல் முறை. சுமையை நாங்களே தூக்குகிறோம். 65 லிட்டர் முதுகுப்பை ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா? அம்மா பருப்புப் பொடி வேறு கட்டித் தருகிறேன் என்கிறார்.
- வாசகி, திருச்சி

பதில்: பை வேண்டாம், பொடி வேண்டும்.

65 லிட்டர் பை பல நேரம் காலியாகவே இரண்டு கிலோ இருக்கும். இடம் இருக்கிறதே என்று மூன்றாவது சுடிதாரையும் அதில் திணிப்பீர்கள். முதலில் சாமான்களைச் சேர்த்து, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுங்கள். வழியெங்கும் தங்கும் விடுதிகள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் தேவையில்லை. தண்ணீர் நீங்கலாக ஏழு கிலோவுக்குள் அடக்கிவிட்டால் 40 லிட்டர் பை தாராளம். சாமான்களைக் கடைக்கே கொண்டுபோய், உள்ளே வைத்து, மாட்டிப் பாருங்கள். சுமை இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது.

முக்திநாத் நம்மவர்களுக்குத் திருச்சாளக்கிராமம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. போய்வந்த உறவினர்கள் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜீப்பில் போனவர்கள். நீங்களோ 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லாவிலிருந்து நடந்து இறங்கப் போகிறீர்கள். அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவாது.

உறக்கப்பையைத்தான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் லேபிளில் இரண்டு வெப்பநிலைகள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது சராசரிப் பெண் குளிரில்லாமல் தூங்கும் அளவு; 'லிமிட்' என்பது சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் அளவு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இரண்டாவதை. நீங்கள் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். மைனஸ் 5 அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். வாத்து இறகு அடைத்தது எடை குறைவு, விலை அதிகம், நனைந்தால் உதவாது. பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். காட்மாண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும்போது ஒரு பயணத்துக்காக வாங்குவானேன்?

பருத்தி உடை, ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்பைக் குளிர வைக்கும். நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட், மூன்று ஜோடி காலுறை போதும். கனமான பூட்ஸுக்குப் பதில், பிடிமானம் உள்ள மலையோட்ட ஷூவை அரை சைஸ் பெரிதாக எடுங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும்.

எடைக் குறைப்பு என்ற பெயரில் மழை ஜாக்கெட், இறகு ஜாக்கெட், கையுறை, தொப்பி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். 2014 அக்டோபரில் இதே வட்டாரத்தில் அடித்த பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்டோபர் நல்ல பருவம்தான், ஆனால் உத்தரவாதம் கிடையாது.

பவர் பேங்க் ஒன்று போதும். குளிரில் சார்ஜ் குறையும் என்பதால் இரவில் உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கட்டி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குப் போய், அதே பையுடன் ஆகாய கங்கைப் படிகளில் இறங்கி ஏறுங்கள். பாதி வழியில் எதைத் தூக்கி எறியத் தோன்றுகிறதோ, அதை வீட்டில் வைத்துவிடலாம். பொடி 200 கிராம் இருக்கட்டும். விடுதிகளில் பெரும்பாலும் பருப்புச் சோறும் உருளைக்கிழங்கும்தான் சாப்பிடுவீர்கள், ஐந்தாம் நாள் அம்மாவை நினைப்பீர்கள்.