பதில்: தீ ஒத்திகைக்கு ஆளே வருவதில்லை

வணக்கம். புளோக் முழுக்க நோட்டீஸ் ஒட்டியும் தீ ஒத்திகைக்கு ஆறு பேர்தான் வந்தார்கள் என்று வருந்தியிருந்தீர்கள். எங்கள் புளோக்கிலும் இதே கதைதான். அப்புறம் ‘ஒத்திகை’ என்ற சொல்லையே விட்டுவிட்டோம். ஞாயிறு மாலை கீழ்த்தளத்தில் தே தாரிக் தேநீரும் வடையும் வைத்து, மின்தூக்கி அருகே மாட்டியிருக்கும் ஏஇடி பெட்டியை, அதாவது இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைக் காட்டினோம். தினமும் அதைக் கடந்துபோகும் பாட்டி ஒருவர், “நான் இதைக் கரண்டுப் பெட்டின்னுல்ல நினைச்சேன்!” என்றார்.

வந்தவர்களின் கைப்பேசியில் அங்கேயே மைரெஸ்பாண்டர் செயலியைப் போட்டுக்கொடுங்கள். சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 2015-இல் கொண்டுவந்தது. ஒருவரின் இதயம் நின்றுவிட்டதாக 995 அவசர எண்ணுக்கு அழைப்பு போனால், 400 மீட்டருக்குள் இருக்கும் செயலிக்காரர்களுக்குத் தகவல் வரும். சிறு தீ விபத்துக்கும் அப்படித்தான். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எதிர்வீட்டுக்காரர் நெஞ்சை அமுக்கத் தொடங்கியிருப்பார். கூட்டாண்மை என்று மேடையில் பேசுவதெல்லாம் என் கணக்கில் இவ்வளவுதான்.

இப்படி நெஞ்சை அமுக்கும் சிபிஆர் முதலுதவிப் பயிற்சிக்குச் சமூக மன்றத்தில் கேளுங்கள். காப்பிக்கடை அங்கிளையும் மளிகைக்கடைக்காரரையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்; உங்கள் நோட்டீஸைவிட அவர்கள் வாய்க்கு ஆள் வரும். சரி, வடையைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவையுங்கள். எங்களுக்குப் பாதியிலேயே தீர்ந்துவிட்டது.